மாடிப்படியில் ஏழு குன்றுகள்

ஓவியக்காரி என்று வெளியே அவளுக்கு இருந்த மரியாதை தம்பியிடம் செல்லுபடியாகாது. எப்போதோ வானத்துக்குப் பச்சை பூசிய பாவத்துக்கு, அவள் எதைச் சொன்னாலும் "அக்காவோட கற்பனை" என்று பாதியைத் தள்ளிவிட்டுத்தான் மீதியைக் காதில் போட்டுக்கொள்வான்.

குன்று விஷயத்தில் மட்டும் அவள் கற்பனையைக் கிட்டே சேர்த்ததில்லை. தன் வீட்டு மாடி ஜன்னலில் ஒரே இடத்தில் நின்று, கையை நீட்டி, தூரிகைக் காம்பில் கட்டைவிரலை நகர்த்தி அளந்து, எதிரே தெரியும் குன்றையும் அதன் அடியில் தனியாக நிற்கும் தம்பி வீட்டையும் இம்மி பிசகாமல் வரைவாள். தம்பி மகளுக்குப் பிறந்தநாள்தோறும் அப்படி ஒரு படம், ரிப்பன் கட்டி. ஏழும் தம்பி வீட்டு மாடிப்படிச் சுவரில் வரிசையாக ஏறிப் போயின. "குழந்தைக்கு ஒரு பொம்மை வாங்கினா குறைஞ்சா போயிடுவா?" என்று முணுமுணுப்பவனும் அவன்தான், வருகிறவர்களிடம் காட்டிப் பீற்றிக்கொள்பவனும் அவன்தான்.

கண்காட்சிக்காக ஏழுக்கும் புதுச் சட்டம் போட வேண்டியிருந்தது. நான்கு நாள் மழை சற்று விட்டிருந்த காலையில், சட்டம் போடுபவரைத் தம்பி வீட்டுக்கே கூட்டி வந்தாள். கோணலைக் கண்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. படங்களைக் கழற்றிக் கூடத்துத் தரையில் சுவரோரமாக அடுக்கியவர், ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. குன்றுச் சரிவுல இருக்கிற மரத்தை ஏன் வருஷா வருஷம் சாய்ச்சுக்கிட்டே வர்றீங்க?"

"நான் எங்கே சாய்ச்சேன்?"

"முதல் படத்துல நெட்டுக்குத்தா நிக்குது. இதைப் பாருங்க, விழப்போற மாதிரி."

சிரித்துக்கொண்டே குனிந்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. மரத்துக்கு மேலே, சரிவில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. மூன்றாவது படத்தில் மயிரிழை. ஏழாவதில் விரல் தடிமன். அந்தக் கோட்டின் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. படத்துக்கே ஆழம் கொடுப்பது அதுதான் என்று, கறுப்பில் நீலத்தைக் குழைத்துக் குழைத்துப் பூசியிருந்தாள். நிழல் என்றே நினைத்திருந்தாள். நிழல் வருஷா வருஷம் அகலுமா?

பையிலிருந்து தூரிகையை எடுத்து, கூரைக்கும் மரத்துக்கும் நடுவே வைத்துப் பார்த்தாள். முதல் படத்தில் இருந்த இடைவெளியில் ஏழாவதில் பாதிதான் இருந்தது. குன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. அதை ஏழு வருஷமாக அழகு பார்த்து, அதன் அடியில் தூங்குகிற குழந்தைக்கே பரிசாகக் கொடுத்திருக்கிறாள்.

முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்த தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். "கிளம்புடா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்பு. மலை சரியுது."

"ஆரம்பிச்சிட்டியா?"

"கற்பனை இல்லடா! வந்து பாரு!"

தினமும் பத்து தடவை கடந்து போன படங்களை அன்றுதான் அவன் வரிசையாகப் பார்த்தான். முதலாவதிலிருந்து ஏழாவது வரை. மறுபடியும் ஒரு தரம்.

"நிஜமா அளந்துதான் போட்டியா?"

"இம்மி பிசகல."

அவன் முகத்தைக் கழுவக்கூட இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு மனைவியைக் கத்திக் கூப்பிட்டான். சட்டம் போடுபவர் யாரும் சொல்லாமலே படங்களை வண்டியில் ஏற்றினார்.

மத்தியானம் மழை மறுபடி பிடித்தது. அக்கா வீட்டு மாடி ஜன்னலில் எல்லோரும் நின்றிருந்தபோது, சாய்ந்த மரம் ஒரு கணம் நிமிர்ந்தது. அடுத்து குன்றின் பாதி அப்படியே கீழே இறங்கியது. தம்பி வீட்டுக் கூரையைக் காணோம்.

பாதி மழித்த முகத்தோடு தம்பி அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, என்ன பண்றே?"

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அவள் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது. கையில் தூரிகை இருந்தது. கட்டைவிரல் காம்பில் நகர்ந்து, புதுச் சரிவை அளந்துகொண்டிருந்தது.