எறும்புக்கு ஒரு விசாரணைக் குழு

அகிலாவின் வீடியோவை இருபத்திரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கொல்கத்தாவின் பெஹாலாவில் ஒரு மொட்டை மாடி. தரையில் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய கோலம். எறும்புகள் சாரி சாரியாக வந்து கோலத்தைத் தூக்கிக்கொண்டு போகின்றன. மூன்று மணி நேரத்து வேலை நாற்பது நொடியாகச் சுருங்கி முடியும்போது, மிச்சமிருக்கும் கோடுகளில் ஒரு டிராம் வண்டி நிற்கிறது. டிராமை மட்டும் ஒரு எறும்பும் தொடவில்லை.

எப்படி என்று கேட்டவர்களுக்கு, "எறும்புக்குப் பசி. எனக்கு டிராம் பிடிக்கும்" என்று அகிலா பதில் போட்டாள். கரியாஹாட்டில் ஓவியக் கூடம் நடத்தும் ஷர்மிஷ்டா சென்னுக்கு இந்த எளிமை போதவில்லை. 'சிற்றுயிர்களோடு ஒரு காலனிய நீக்க உரையாடல்' என்று அழைப்பிதழ் அச்சடித்து, அகிலாவின் முதல் கண்காட்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். செய்முறையை வெளியே சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். மர்மம் போனால் கலை போய்விடுமாம்.

மர்மம் என்ற சொல் காதில் விழுந்தால் பவானிபூர் ராஜாராமனுக்குச் சோறு இறங்காது. வங்கியின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் முப்பத்தோரு வருஷம் பிறர் தவறுகளைக் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் சோதனை போடக் கிளைகள் இல்லாத குறையை ஃபேஸ்புக் தீர்த்தது. 'விழித்திரு கொல்கத்தா' என்ற அவருடைய குழுவில் நாற்பதாயிரம் உறுப்பினர்கள். பேய் நடந்த மாடிப்படி, ஏரியில் முதலை என்று எல்லாவற்றையும் அம்பலப்படுத்தியாகிவிட்டது. அடுத்து எறும்பு.

விசாரணை முறைப்படி நடந்தது. குழுவின் துணைத் தலைவன் சைதன்யா மென்பொருள் வேலையில் இருப்பவன். வீடியோவை ஒரு சோதனைச் செயலியில் போட்டான். எண்பத்தேழு சதவீதம் செயற்கை என்று வந்தது. அதே செயலியில் ராஜாராமனின் கல்யாண போட்டோ தொண்ணூற்றொரு சதவீதம் வாங்கியது. அந்தத் தகவல் அறிக்கையில் இடம்பெறவில்லை.

ராஜாராமன் தானே களத்தில் இறங்கினார். தெருமுனை சுப்பு கடையில் ஒரு பாக்கெட் கோலப்பொடி வாங்கி, தன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு, குடை பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். துணி உலர்த்த வந்த மனைவி ஜகதாம்பாள் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. ரிட்டையரானவர்கள் சிலகாலம் இப்படித்தான் இருப்பார்கள் என்று அவளுடைய அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

'வந்த எறும்பு ஒன்று. பொடியைப் பரிசீலித்தது. நிராகரித்தது.' பதினான்கு பக்க அறிக்கையின் சாரம் இதுதான். இணைப்பு இரண்டில் ஸ்டூலும் குடையுமாக ராஜாராமனின் படம். முடிவு: கணினி மோசடி.

முந்தின நாள் வரை அகிலாவை மேதை என்றவர்கள், தங்களுக்கு முதலிலேயே சந்தேகம் இருந்ததாக எழுதினார்கள். ஷர்மிஷ்டா மிகுந்த வருத்தத்தோடு அகிலாவை அழைத்தார். சனிக்கிழமைக்குள் அந்தக் குழுவே நேரில் பார்த்து ஒப்புக்கொள்ளாவிட்டால் கண்காட்சி கிடையாது என்றார். உரையாடல் வேறு, பெயர் கெடுவது வேறு.

அகிலா ராஜாராமனுக்கு எழுதினாள். பரிசோதனை தன் வீட்டு மாடியில், நேரலையில், குழு தரும் பொருளை வைத்து மட்டும் நடக்கும் என்று அவர் பதில் போட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் குழுவின் நிர்வாகிகள் ஐந்து பேரும் ஷர்மிஷ்டாவும் மாடியில் கூடினார்கள். மேசைமேல் ஒரு பெரிய பெட்டி நிறைய சந்தேஷ். கொல்கத்தாவில் இனிப்பு இல்லாமல் கூடும் எந்தக் குழுவின் கூட்டமும் செல்லாது.

சீல் வைத்த பாக்கெட்டை ராஜாராமன் நீட்டினார். அகிலா அதைப் பிரித்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"அங்கிள், இது கல்லுப் பொடி. இதை எறும்பு எப்படித் தின்னும்?"

"கோலப்பொடின்னு அச்சடிச்சிருக்கும்மா, படிச்சுப் பாரு."

"எறும்புக்குப் படிக்கத் தெரியாதே, அங்கிள்."

ஷர்மிஷ்டா கண்ணாலேயே அடக்கினார். சொன்னால் மர்மம் போகும், சொல்லாவிட்டால் கண்காட்சியே போகும். அகிலா சொல்லிவிட்டாள். எறும்பு தூக்க வேண்டிய கோடுகளை அரிசி மாவில் போடுவாள், மிஞ்ச வேண்டிய கோடுகளைக் கல்லுப் பொடியில். இரண்டும் வெள்ளை. கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது, எறும்புக்குத் தெரியும்.

காபி கொண்டுவந்த ஜகதாம்பாள் தட்டை மேசையில் வைத்தாள்.

"இதுக்கா பதினாலு பக்கம்? நம்மாத்து வாசல்ல முப்பத்திநாலு வருஷமா போடறேன். வெள்ளிக்கிழமை அரிசி மாவு, மத்த நாள் இந்தப் பொடி. நீங்க தெனம் ஃபோனைப் பார்த்துண்டே தாண்டிப் போறேள்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"குடையைப் பிடிச்சுண்டு உக்காந்திருந்தேள். வெயில் காயறேளாக்கும்னு நெனச்சேன்."

நேரலையை நிறுத்தச் சொல்லி ராஜாராமன் சைகை காட்டினார். கேமராவைக் கிட்டே கொண்டுவரச் சொல்வதாகப் புரிந்துகொண்டு சைதன்யா கிட்டே வந்தான். வேறு வழியில்லாமல் அவர், வாய்ச்சொல் போதாது, நிரூபணம் வேண்டும் என்றார். ஜகதாம்பாள் அரிசி மாவு டப்பாவை எடுத்து வந்தாள். அகிலா இரண்டு பொடியையும் மாற்றி மாற்றி இழுத்து அரை மணி நேரத்தில் கோலத்தை முடித்தாள்.

எறும்புகள் வந்தன. பெரும் படை. கைப்பிடிச் சுவரோரமாக இறங்கி, கோலத்துக்கு ஒரு முழம் முன்னால் திரும்பி, மேசைக்கால் வழியே ஏறி, சந்தேஷ் பெட்டிக்குள் போயின.

நேரலைக்குக் கீழே 'மோசடி நிரூபணம்' என்று மழையாகக் கொட்டியது. ராஜாராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஷர்மிஷ்டா ஒதுங்கிப் போய், ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு யாராவது கிடைப்பார்களா என்று ஃபோனில் விசாரிக்கத் தொடங்கினார். அது அகிலாவின் காதில் விழுந்தது.

"அங்கிள், சந்தேஷும் பச்சை அரிசி மாவும் பக்கத்துல பக்கத்துல வெச்சா நீங்க எதைத் தின்பீங்க?"

ராஜாராமனால் பொய் சொல்ல முடியவில்லை.

"அப்ப எறும்பை மட்டும் ஏன் திட்டறீங்க? பெட்டியைக் காலி பண்ணுங்க."

பெட்டி இப்போது சாட்சியப் பொருள் ஆயிற்றே என்று சைதன்யா ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினான். ராஜாராமன் யோசித்தார். அவருக்குச் சர்க்கரை. மூன்று வருஷமாகச் சந்தேஷைக் கண்ணால் மட்டும் பார்த்து வருபவர். நேர்மையான விசாரணை என்றால் குறுக்கீடுகளை அகற்றியே ஆக வேண்டும் என்று கேமராவைப் பார்த்து அறிவித்துவிட்டு, எறும்பை ஊதிவிட்டு முதல் துண்டை எடுத்தார். நான்காவது துண்டில் ஜகதாம்பாள் பெட்டியை நகர்த்தினாள். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் முடித்தார்கள். குழுவின் வரலாற்றில் வேறு எந்தத் தீர்மானமும் இவ்வளவு ஒற்றுமையாக நிறைவேறியதில்லை. காலிப் பெட்டி கீழே போயிற்று. மேசையைத் துடைத்தார்கள்.

எறும்புகள் மேசைமேல் கொஞ்ச நேரம் அலைந்தன. வந்தது வந்தாயிற்று, வெறுங்கையோடு போக மனமில்லை போலும். இறங்கின, கோலத்தைக் கண்டன, வேலையைத் தொடங்கின.

பதினொன்றரைக்கு அரிசி மாவு முழுதும் போய்விட்டது. தரையில் மிஞ்சியது ஒரு ஸ்டூல், ஒரு குடை, குடைக்கடியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர். இணைப்பு இரண்டை அகிலா கவனமாகப் படித்திருக்கிறாள்.

ராஜாராமன் வெகுநேரம் பார்த்தார். மூக்கு இத்தனை பெரிதில்லை என்று ஓர் ஆட்சேபம் தெரிவித்தார். மற்றபடி எல்லாம் உண்மை என்று குழு ஒப்புக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் நிற்க இடமில்லை. 'மர்மமின்மையின் அழகியல்' என்று ஷர்மிஷ்டா புது அழைப்பிதழ் அடித்திருந்தார். வாசலில் ராஜாராமன் இரண்டு கிண்ணங்களோடு நின்று, அரிசி மாவுக்கும் கல்லுப் பொடிக்கும் உள்ள வித்தியாசத்தை, தானே கண்டுபிடித்ததுபோல வருகிறவர்களுக்கு வங்காள மொழியில் விளக்கினார். அவரைப் படம் எடுத்த ஒருவர், குறுக்கே நின்ற அகிலாவைக் கொஞ்சம் நகரச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்தாள்.

திங்கட்கிழமை காலை பால் வாங்கக் கிளம்பிய ராஜாராமன், ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வாசலில் நின்றார்.

"ஜகதா, இன்னிக்கு எந்த மாவு?"

"எறும்பைக் கேளுங்கோ" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பாலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் ஸ்டூலை எடுக்கப் போனார்.