வளர்ச்சி ராணியின் செருப்பு

என் கழுத்தில் வெள்ளைப் பொடியைப் பூசியவர்கள் பெண்கள்தான். ஊர்த் தலைவரின் அரண்மனை முற்றத்துக்குப் பேச்சுவார்த்தை என்று அழைத்திருந்தார்கள். ஆற்றைக் குடைந்து தங்கம் அள்ளும் இயந்திரங்களுக்கு முன்னால் நானும் என் கூட்டாளிகளும் படுத்து மறித்தது வானொலியில் வந்திருந்தது. தலைவர் இறங்கி வருகிறார் என்று நம்பிப் போனேன். பின்னாலிருந்து பிடித்தார்கள், பொடியைப் பூசினார்கள், குலவையிட்டார்கள். பொடி பட்டபின் எங்கள் ஊரில் யாரும் பட்டத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. இருபத்திரண்டு வயதில் நான் ஊரின் வளர்ச்சி ராணி; ஊர் நலத்துக்கு உழைப்பவளுக்குத் தரும் பட்டம் அது. கிழவர்கள்கூட என்னைப் பட்டம் சேர்த்து நானா பிராகோ என்று கூப்பிட்டார்கள். அம்மா தெருவெல்லாம் ஆடினாள்.

அன்றைக்கே கெடுபிடி தொடங்கியது. ராணி வேகமாக நடக்கக் கூடாது. சந்தையில் நின்றபடி கெங்கே என்ற சோள உருண்டையும் மீனும் தின்னக் கூடாது. வெறுங்காலால் மண்ணை மிதிக்கவே கூடாது. மிதித்தால் பட்டம் போகும், ஊருக்கும் கேடு. இதெல்லாம் போகட்டும். சபையில் ராணி தன் வாயால் பேசவும் கூடாது. மெல்லச் சொல்ல வேண்டும். அரண்மனைப் பேச்சாளராகக் கோலேந்தி நிற்கும் சார்போங் அதை ஊருக்கு அழகாக எடுத்துச் சொல்வார்.

மழைக்கு முன்னால் இயந்திரங்களை வெளியேற்றுங்கள், இல்லையென்றால் மறுபடியும் மறிப்போம் என்று முதல் சபையில் சொன்னேன். சார்போங் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆறு நம்ம எல்லாருக்கும் தாய்னு நானா சொல்றாங்க. பெரியவங்க நேரம் பாத்து நல்லதே செய்வாங்கன்னு நம்புறாங்க."

சபை தலையாட்டியது. தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டே வாயைக் கட்டிவிட்டார்கள், பாவிகள்.

என்னோடு சேர்ந்து இயந்திரத்தை மறித்த அட்டாய் ஒருநாள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ராணியம்மா கண்ணுக்கு நாங்கெல்லாம் தெரியுறோமா?" என்றான். பழைய பிராகோவாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். சுற்றிலும் காவலுக்குப் பெண்கள். உள்ளே போய் அழுதேன்.

மழைக்கு முன்னாலேயே இயந்திரம் ஊர் தண்ணீர் எடுக்கும் துறைக்கு வந்துவிட்டது. அட்டாயும் மற்றவர்களும் கைகோத்து ஆற்றில் இறங்கி நின்றார்கள். அவர்களைக் கலைந்து போகச் சொல்வதற்காகத் தலைவர் என் தலைக்குமேல் ஆள் வைத்துக் குடை பிடிக்கச் செய்து கூட்டிப் போனார். ஆறு பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் கிடந்தது. நகரவேண்டாம், அங்கேயே நில்லுங்கள் என்று சார்போங்கிடம் சொன்னேன்.

"எல்லாரும் அமைதியா வீட்டுக்குப் போங்கன்னு நானா சொல்றாங்க," என்றார் அவர்.

அட்டாய் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குனிந்து செருப்பின் வாரில் கை வைத்தேன். செருப்புக்குக் காவலாக வந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கரையில் அம்மா, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எனக்கும் பயம்தான். இந்த ஊர் நம்புவதையெல்லாம் நானும் நம்பி வளர்ந்தவள்.

"கால் மண்ணுல பட்டுச்சுன்னா நீ யாருமில்ல பிராகோ," என்றார் தலைவர். நானா என்ற பட்டத்தை அப்போதே விட்டுவிட்டார்.

பிடித்த கையை உதறிவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். இறங்கினேன். சேறு கணுக்கால்வரை ஏறியது. குடை என் தலைமேலிருந்து விலகியது. சார்போங் கோலைத் தாழ்த்தினார். அவருக்கு இனி என்னிடம் வேலை இல்லை. அம்மா முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் போகத்தான் கால் துடித்தது. எதிரே இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

தண்ணீரில் நடந்து வரிசையை அடைந்தேன். இத்தனை நாளுக்குப் பிறகு என் குரல் எனக்கே கரகரவென்று கேட்டது.

"அட்டாய், கொஞ்சம் நகரு. எனக்கும் எடம் விடு."