இறக்கத்தில் பிடிக்காத பிரேக்

நத்தர்ஷா பட்டறையில் காரின் முன்சக்கரத்தைக் கழற்றி ஓரமாக உருட்டிவிட்டு, பிரேக் டிரம்மை இரண்டு தட்டுத் தட்டி இழுத்தார். கறுப்புத் தூள் பொலபொலவென்று கொட்டியது. உள்ளேயிருந்த பிரேக் ஷூவை எடுத்துக் கந்தலால் துடைத்து, ரோசாலிக்கு நேரே நீட்டினார்.

“பாருங்க மதாம். லைனிங்னு ஒண்ணு இல்லவே இல்ல. வெறும் ரிவிட்டுதான் டிரம்மை ஒரசிக்கிட்டு இருந்திருக்கு. சிலிண்டர்லேர்ந்து ஆயில் வேற ஒழுகியிருக்கு.”

ரோசாலி அதைக் கையில் வாங்கவில்லை.

“அதெல்லாம் தூக்கிப் போட்டுடுங்க பாய். எனக்கு டிஸ்க் பிரேக் வேணும். போன மாசம் ஒரு இங்கிலீஷ் வண்டி நொறுங்கிப்போய் வந்துச்சுன்னு சொன்னீங்களே, அதுல இருக்கிறதை எடுத்து இதுல மாட்டிடுங்க.”

அறுபத்தாறாம் வருஷம், சைகோனில் மழை பிடித்துக்கொண்ட மாதம். விபத்து நடந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

ரோசாலியும் அவள் கணவன் இக்னாஸும் காரைக்கால்காரர்கள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் கம்பெனியில் அவள் டைப்பிஸ்ட், அவன் கிடங்குக் கணக்கன். இக்னாஸின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எல்லாம் புகைமூட்டமாகிப்போனதால், கிடங்கில் ஒரு பையன் வாசிக்க அவன் கணக்குப் போட்டான், இரண்டு வருஷமாக வண்டி ஓட்டியது அவள்தான். தான்-டின் தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து துறைமுகம்வரை, பழைய பிரெஞ்சுக் காரில், போக வர.

அன்று காலை தூறலில் கான் ஹோய் பாலத்தில் ஏறி இறங்கும்போது பிரேக்கை அழுத்தினாள். பெடல் தரைவரை போயிற்று. எடுத்து மறுபடி அழுத்தினாள். பாதி பிடித்தது. அதற்குள் முன்னால் போன சிக்லோ என்கிற சைக்கிள் ரிக்ஷாவின் பின்பக்கத்தில் கார் மோதிவிட்டது. முன்னிருக்கையில் சவாரி இல்லை, அது கடவுள் புண்ணியம். பின்னால் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்த பெரியவர்தான் கீழே விழுந்தார். கால் முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது.

போலீஸ்காரர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். அப்போது அவள் வாயிலிருந்து தானாக வந்தது அந்தப் பேச்சு. “ஓரத்துலேர்ந்து திடீர்னு குறுக்கே வந்துட்டார்.” இக்னாஸையும் கேட்டார்கள். அவன் “ஆமாம், ஆமாம்” என்று தலையாட்டினான். போலீஸ்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். மயங்கிக் கிடந்த பெரியவரிடம் கேட்க என்ன இருந்தது?

நத்தர்ஷா ஷூவைப் பலகைமேல் வைத்தார்.

“டிஸ்க் மாட்டலாம் மதாம், மாட்ட முடியாதுன்னு இல்ல. ஹப்பை மாத்தணும், மாஸ்டர் சிலிண்டரை மாத்தணும். முன்னாடி மட்டும் கவ்விப் பிடிச்சு பின்னாடி பழசா இருந்தா, ஈர ரோட்டுல வண்டி சுத்திக்கும். அதையும் சரிபண்ணணும். தலாத் மலைக்கு ஏறி எறங்குறவங்க கேட்டா செஞ்சு குடுப்பேன். நீங்க ஊருக்குள்ளதான் ஓட்டுறீங்க. இதுக்கு இந்த பிரேக்கே தாராளம். நாலு சக்கரத்துக்கும் புது லைனிங், புது சிலிண்டர், புது ஆயில் போட்டா நின்ன எடத்துல நிக்கும்.”

“தாராளம்னா அன்னைக்கு ஏன் பிடிக்கல?”

நத்தர்ஷா கந்தலை எடுத்தார். கைவிரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“வருஷப்பிறப்பு கழிஞ்சு வந்தீங்களே, சத்தம் கேக்குதுன்னு. அப்ப என்ன சொன்னேன்? மழைக்கு முன்னாடி ஒருநாள் வண்டியை விட்டுட்டுப் போங்க, கழட்டிப் பாத்துடுவோம்னு சொன்னேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னீங்க. பிரேக் போதாமப் போகல மதாம். தேஞ்சு போச்சு.”

ரோசாலிக்குக் காதுமடல் சுட்டது. டிஸ்க் பிரேக் ஏன் அப்படி வேண்டியிருந்தது என்று அந்த நிமிஷம்தான் அவளுக்கே விளங்கியது. வண்டியே போதாத வண்டி என்றாகிவிட்டால், அவள்மேல் ஒன்றும் இருக்காது. பழசெல்லாம் கழன்று குப்பைக்குப் போய்விடும். யார் கேட்டாலும் உலகத்திலேயே நல்ல பிரேக்கைக் காட்டலாம்.

“யோசிச்சுச் சொல்றேன் பாய். அதுவரைக்கும் எதையும் தூக்கிப் போடாதீங்க.”

வீட்டில் இக்னாஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். நத்தர்ஷா சொன்னதைச் சொன்னாள், வருஷப்பிறப்புப் பேச்சை மட்டும் விட்டுவிட்டு.

“பாய் கெடக்கிறார். டிஸ்க்கே போடு ரோசாலி. இனிமே உனக்கு பயம் இருக்காது. நடந்தது நடந்து போச்சு.”

“நீங்க ஏன் அன்னைக்கு ஆமாம்னீங்க? உங்களுக்கு எதுவும் தெரிஞ்சிருக்காதே.”

“தெரியலதான். கேட்டுச்சு.” அவன் முகத்தைத் திருப்பாமல் சொன்னான். “உன் செருப்பு தரையில மோதுச்சு. பெடல் அடிவரைக்கும் போச்சுன்னு அப்பவே தெரியும். நீ ஒண்ணு சொல்லிட்ட. நான் வேற என்ன சொல்ல?”

நான்கு நாளாக ஒரே மேஜையில் சாப்பிட்டும் இரண்டு பேரும் இதைத் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ரோசாலி எழுந்து குடையை எடுத்தாள்.

பாலத்தடியில் விசாரித்ததில் தெரிந்தது, பெரியவர் பெயர் தூ. கான் ஹோய் பகுதியில் கால்வாயை ஒட்டிய சந்தில், தகரக் கூரைக்குக் கீழே இடது காலில் மாவுக்கட்டோடு பாயில் படுத்திருந்தார். ரோசாலி கொண்டுபோன பழங்களை அவர் மனைவி வாங்கிக் கீழே வைத்தாள். இருக்கச் சொல்லவில்லை. தூதான் பேசினார். வியட்நாம் மொழி ரோசாலிக்கு அங்காடியில் பேசிப் பழகிய மொழி. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

“உங்களுக்கு அடி ஒண்ணும் இல்லையே அம்மா? நல்லவேளை. நான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். நேரா போனதாத்தான் ஞாபகம். ஆனா குறுக்கே வந்தேன்னு எழுதியிருக்காங்களாம். வயசாச்சு, தலை சுத்தியிருக்கும்போல. வண்டி முதலாளி இனிமே சிக்லோ தரமாட்டேன்னுட்டார். கண்ணு சரியாத் தெரியாத கிழவனுக்கு எப்படிக் குடுக்கிறதுன்னு கேக்கிறார். அவர் சொல்றதும் சரிதானே?”

அவர் அவளைக் குற்றம் சொல்லியிருந்தால் ஒருவேளை தாங்கியிருப்பாள். தன் கண்ணையே அந்த மனிதர் நம்பாமல் போய்விட்டார். அதுவும் அவள் சொன்ன ஒரு வார்த்தையால்.

“நீங்க நேராதான் போனீங்க” என்றாள் ரோசாலி. “குறுக்கே வரல. என் வண்டியில பிரேக் பிடிக்கல. நான் பொய் சொல்லிட்டேன்.”

தூ கண்ணை மூடிக்கொண்டார். திறக்காமலே கேட்டார். “பிரேக் சரியில்லன்னு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். மெக்கானிக் சொன்னார். நான்தான் தள்ளிப்போட்டேன்.”

மனைவி பழப்பையை எடுத்து ரோசாலியின் கையில் திணித்தாள். “போய் அங்க சொல்லு. எழுதினவங்ககிட்ட சொல்லு. இங்க எதுக்குச் சொல்ற?” தூ அவளைத் தடுக்கவில்லை.

ரோசாலி நேரே நத்தர்ஷாவின் பட்டறைக்குப் போனாள்.

“டிஸ்க் வேணாம் பாய். இருந்த பிரேக்கையே நாலு சக்கரத்துக்கும் புதுசா செஞ்சுடுங்க. அந்தத் தேஞ்ச ஷூவைக் குடுங்க.”

நத்தர்ஷா அவள் முகத்தைப் பார்த்தார். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். “கேட்டாங்கன்னா நான் வந்து சொல்றேன் மதாம். முன்னாடியே எச்சரிச்சேன்னும் சொல்லவேண்டி வரும்.”

“சொல்லுங்க. அதுதானே நெசம்.”

போலீஸ் நிலையத்தில் அதே ஆள்தான் இருந்தார். முடிந்துபோன விஷயத்தை ஏன் கிளறுகிறீர்கள் என்றார். செய்தித்தாளைப் பிரித்து ஷூவை மேஜையில் வைத்து, ரோசாலி முதலிலிருந்து சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லும்போதும் எளிதாக வரவில்லை. அவர் பெருமூச்சு விட்டுப் புதுக் காகிதம் எடுத்தார். எழுதி முடித்து அவளிடம் கையெழுத்து வாங்கினார், லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது. வைத்தியச் செலவும் வேலையில்லாத நாட்களின் கூலியும் அவள் பொறுப்பு. இக்னாஸின் கண் ஆபரேஷனுக்கென்று ஒதுக்கியது அதில் போயிற்று. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

கார் பட்டறையில் நின்றது. நத்தர்ஷா சொன்னபடியே வேலையை முடித்து, ஞாயிறுதோறும் எஞ்சினை ஓடவிட்டு வைத்தார். புருஷனும் பெண்டாட்டியுமாக பஸ்ஸில் போய் வந்தார்கள். கூட்டத்தில் அவன் கை அவள் முழங்கையைப் பிடித்தபடியே இருக்கும்.

முதலாளி தூவுக்குச் சிக்லோவைத் திரும்பக் கொடுத்தார் என்று நத்தர்ஷா மூலம் செய்தி வந்தது. கார்த்திகை வாக்கில் ஒரு மத்தியானம், துறைமுக வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரை அவளே பார்த்தாள். சவாரியாக இரண்டு பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தூவும் அவளைப் பார்த்தார். முகம் மாறவில்லை, தலையசைக்கவுமில்லை. மிதித்துக்கொண்டு கடந்து போனார்.

“யாரு?” என்றான் இக்னாஸ். அவள் கை இறுகியதை அவன் உணர்ந்திருக்கவேண்டும்.

“தூ.”

“எப்படி ஓட்டுறார்?”

“வலது காலாலதான் அழுத்துறார். இடது கால் சும்மா கூடவே சுத்துது.”

பஸ் வந்தது. அவனை முதலில் ஏற்றிவிட்டு, ரோசாலி பின்னால் ஏறினாள்.