செவ்வந்தியின் ஒரே பாட்டு

"ஏஏஏய்... எகிறு!"

மரவள்ளிக் காட்டுக்குள்ளிருந்து கிளம்பிய அந்தக் கத்தலில், வெள்ளிமலைக்கு ஏறிக்கொண்டிருந்த ஜீப் குலுங்கி நின்றது. பின்னாலேயே கிட்டார் அலறியது.

செவ்வந்தி ஜீப்பிலிருந்து தலையை நீட்டினாள். அது அவளுடைய குரல். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பாடியது.

"உன்னத்தான் வரவேற்கறாங்க போலக்கா," என்று சிரித்தான் ஜீப்பை ஓட்டிவந்த தீனதயாளன். அவள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன்.

செவ்வந்தி சிரிக்கவில்லை. நைனார்பாளையத்திலிருந்து ராக் பாடக் கிளம்பியவள் அவள். 'எகிறு' ஒரே வாரத்தில் எல்லார் செல்போனிலும் ஏறியது. அதற்கப்புறம் பதினொரு பாட்டு வெளியிட்டாள். ஒன்றையும் சீந்துவாரில்லை. மேடைக்கு மேடை 'எகிறு'தான். நாளை வெள்ளிமலை விழாவிலும் அதே நிபந்தனை: முதலில் 'எகிறு', முடிவில் 'எகிறு', நடுவே சினிமாப் பாட்டு. அவளோ புதிதாக எழுதிய பாட்டைப் பாடியே தீருவது என்று வந்திருந்தாள்.

"யாரு போடறது? வா, பாக்கலாம்."

சரிவில் இறங்கிப் போனார்கள். பலா மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. கீழே பேட்டரி பக்கத்தில் குந்தியிருந்த காட்டுக்காரி தைலம்மாள், ஆளைக் கண்டதும் பாட்டை நிறுத்தினாள்.

"இன்னாம்மா, வழி தப்பிட்டீங்களா?"

"இந்தப் பாட்ட எதுக்குப் போடறீங்க?"

"காட்டுப்பன்னிக்கு. பொழுது சாஞ்சா கெழங்கத் தோண்ட வந்துருதுங்க. சினிமாப் பாட்டு போட்டுப் பாத்தேன், கேட்டுக்கினே துன்னுச்சுங்க. இந்தப் பொம்பள கத்துன கத்துல அடுத்த மலைக்கு ஓடிருச்சுங்க."

தீனதயாளன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பொம்பள நான்தாங்க."

தைலம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? இத்தினி ஒடம்புல அம்மாம் பெரிய சத்தத்த எங்கடியம்மா வெச்சிருந்த?"

செவ்வந்தியின் செல்போன் அடித்தது. விழாக் கமிட்டி அரங்கநாதன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா, 'எகிறு' ரெண்டு வாட்டி. ஞாபகம் இருக்குதில்ல?"

"ஒரு வாட்டி பாடறேங்க, கடைசியா. மொதல்ல என் புதுப்பாட்டு."

"மைக்க அமத்திடுவேன்."

"அமத்துங்க. மைக் இல்லாமயே பாடறேன். என் தொண்ட அடுத்த மலை வரைக்கும் கேக்குதாம்."

"அக்கா, வேணாங்க்கா..." என்று கெஞ்சினான் தீனதயாளன். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன் புதுப்பாட்ட யாரும்மா கேட்டா? ஒரே ஒரு ஆளக் காட்டு, பாட வுடறேன்!"

செவ்வந்தி இப்போதுதான் தீனதயாளனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜீப் பக்கம் பார்த்தான்.

அப்போது மரவள்ளிச் செடிகளுக்குள் உறுமல் கேட்டது. தைலம்மாள் பாய்ந்து பாட்டைத் தட்டிவிட்டாள். 'எகிறு' மலையெல்லாம் எதிரொலித்தது. நான்கு பன்றிகள் தலையைக்கூடத் தூக்காமல் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தன.

தைலம்மாள் பாட்டை நிறுத்தினாள். போனில் இருந்த அரங்கநாதனுக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"இது அதுங்களுக்குப் பழகிப்போச்சு தாயி, புச்சா ஏதோ வெச்சிருக்கேன்னியே, அத்தப் பாடு!"