கூலி இல்லாத ஞாயிறு

மளிகைக் கடைக்காரருக்கு அந்தச் சித்தாள் தரவேண்டிய பாக்கி இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அதனால் கடைக்குப் போனால் அவள் அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள், சுவரைத்தான் பார்ப்பாள். அந்தச் சுவரில்தான் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவள் அல்லவா, கூட்டிக் கூட்டி வாசித்து முடிக்க நேரமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுற்றி ஓட்டப்பந்தயம், தன்னார்வலர்கள் தேவை.

"கூலி எவ்ளோண்ணே?"

பந்தயம் நடத்தும் குழுவில் கடைக்காரரும் ஒருவர். கூலியெல்லாம் கிடையாது, மனசிருந்தால் வரலாம் என்று சிரித்தார்.

அந்தப் பேச்சு அவளை விடவில்லை. முன்பணம், கைமாற்று, யாரோ கழித்துப்போட்ட சேலை என்று இத்தனை காலமும் வாங்கியே பழகிய கை. ஒருநாளாவது சும்மா கொடுத்துப் பார்க்கவேண்டும் போலிருந்தது. பேர் கொடுத்துவிட்டாள்.

புருஷன் சும்மா விடுவானா? "ஊரெல்லாம் கடன். இதுல மகராசி தானம் பண்ணப் போறாங்களாம்" என்றான்.

"பண்ணிட்டுப் போறேன், உனக்கென்ன?"

ஞாயிறு விடிந்ததும் அவளைத் தண்ணீர் மேசையில் நிறுத்தினார்கள். எப்படிக் கொடுப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. கட்டட வேலையில் ஆட்களுக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல விளிம்பு வரை நிரப்பி, அசையாமல் நீட்டினாள். ஓடிவந்தவர் கை பட்டதும் குவளை தெறித்து அவர் முகமெல்லாம் தண்ணீர். அடுத்து வந்த பெண்ணுக்குப் புரையேறியது. அந்தம்மாவைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போய்விடலாம் என்றால் வீட்டில் அவன் வாய் காத்திருக்கிறது.

ஓரமாக நின்று பார்த்தபோது பிடிபட்டது. வேலையில் சிமெண்டுக் கலவைச் சட்டியைக் கைமாற்றும்போது யாரும் கையை விறைத்துக்கொள்வதில்லை. சட்டி போகிற பக்கமே கையும் கொஞ்சம் போய்விட்டுத்தான் விடும். மறுபடி மேசைக்கு வந்து, பாதிக் குவளை மட்டும் ஊற்றி, வருகிறவரோடு தானும் நாலு எட்டு ஓடி, கைக்குள் வைத்துவிட்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. கடைசி ஆள் வரைக்கும் அப்படியே ஓடினாள். கால் கடுத்தது. ஆனால் இது தன் பொருளைத் தான் கொடுத்தது போல இருந்தது.

பரிசு கொடுக்கும்போது கடைக்காரர் அவளை முன்னால் கூப்பிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்தம்மா நம்ம கடைக்கு ஒரு பாக்கி வச்சிருக்கு. இன்னைக்குப் பட்ட பாட்டுக்கு அதை முழுசாக் கழிச்சிட்டேன்."

ஒரே கைதட்டல். அவள் முகம் செத்துவிட்டது.

"வேணாண்ணே. நான் கூலிக்கு வரல. சனிக்கிழம சம்பளத்துலேர்ந்து கட்டிக்கிட்டு வரேன்."

"அட, கூச்சப்படாதம்மா."

நல்ல மனுஷர்தான். முகமெல்லாம் சந்தோஷம். இத்தனை பேர் முன்னால் மறுத்தால் திமிர் என்பார்கள், வாங்கிக்கொண்டால் வந்தது கூலிக்கு என்றாகிவிடும். அவர் பையிலிருந்து பாக்கி நோட்டை எடுத்து, அவள் கணக்கு இருந்த பக்கத்தின் மேல் குறுக்கே கோடு இழுத்து, கணக்கு தீர்ந்ததற்குக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார். அவள் எழுத்தெழுத்தாகத் தன் பேரைப் போட்டுக் கொடுத்தாள்.