கோர்வை விட்ட இடம்

போன மழையில் ஐயம்பேட்டைச் சாலை ஒரு டிப்பரை அப்படியே விழுங்கிவிட்டது. அடியில் எப்போதோ தூர்த்த கிணறு. அதனால் இம்முறை சாலையைத் தோண்டி, ஜியோகிரிட் என்ற கறுப்பு வலையை விரித்து மண் கொட்டினார்கள். கீழே குழி விழுந்தாலும் வலை தாங்கும். ஆனால் ஒரு வலைமேல் அடுத்த வலை ஒரு மீட்டராவது ஏறிப் படுக்க வேண்டும்.

வலை நீளம் பத்தவில்லை.

"ஓரத்தோட ஓரம் வெச்சு கயிறால பின்னுங்கபா," என்றார் சூப்பர்வைசர் தினகரன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தனக்குத் தெரியாத வித்தையே இல்லையென்று எண்ணம். "பட்டுப் பொடவைல பார்டரையும் உடலையும் கோர்வை போட்டுத்தான் சேக்கறோம். பொடவ கிழிஞ்சாலும் கோர்வை பிரியாது."

"பொடவ மேல ரோலர் உடுவீங்களா சார்?" என்றான் மேஸ்திரி சத்யராஜ்.

"சொன்னத செய்டா!"

அந்த 'டா' சுருக்கென்று தைத்தது. கண்ணிக்குக் கண்ணி போட வேண்டிய முடிச்சை, பத்துக் கண்ணிக்கு ஒன்றாகப் போட்டான்.

"இன்னாண்ணா, தொளதொளன்னு இருக்குது?" என்று ரோலர் மேலிருந்து கேட்டான் அதை ஓட்டும் அவன் தம்பி ராமராஜன்.

"இன்ஜினியர் வந்து பாக்கட்டும். இந்தாளு மானம் போவட்டும்."

இன்ஜினியர் வரவில்லை. டிப்பர்தான் வந்து மண்ணைக் கொட்டியது. சத்யராஜ் வாயைத் திறந்தான். சொன்னால் தன் குட்டும் உடையுமே என்று மூடிக்கொண்டான். பாவி, அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ரோலரின் நாலாவது நடையில் தரை வாயைப் பிளந்தது. ரோலர் பக்கவாட்டில் சரிந்து, ராமராஜன் காலின் மேல் விழுந்தது. அவன் அலறல் ரோலர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஜேசிபி வைத்துத் தூக்கியபோது வலது முழங்காலுக்குக் கீழே வெறும் சதையும் சேறும்தான்.

சத்யராஜ் மண்வெட்டிப் பிடியால் தினகரன் வாயில் அடித்தான். இரண்டு பற்கள் தெறித்தன. விழுந்தவர் வயிற்றில் மிதித்தான், முடியைப் பிடித்துக் குழியோரம் இழுத்தான்.

"பார்றா! உன் கோர்வையப் பார்றா! என் தம்பி கால் எங்கடா?"

தினகரன் ரத்தம் துப்பிக் கும்பிட்டார். சத்யராஜ் கடப்பாரையை ஓங்கினான்.

"உடுண்ணா." பலகையில் கிடந்த ராமராஜனின் குரல். "அவரு சொன்னாரு. கட்டினது நீ. தெரிஞ்சிக்கினேதான என்ன ஏத்தி உட்ட?"

குழிக்குள் இரண்டு வலைகளும் கிழியாமல் தொங்கின. நடுவில் கயிறு மட்டும் உருவிக் கிடந்தது.

கடப்பாரையைப் போட்டுவிட்டு சத்யராஜ் தம்பியின் கையைப் பிடிக்கப் போனான். ராமராஜன் கையை இழுத்துக்கொண்டான்.