ரத்தினக் கம்பளமும் பம்பாய்த் தந்தியும்

செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த கார்டில் நாலே வரி இருந்தது. ஐயனுக்கு உடம்பு ரொம்பவும் முடியவில்லை. கஞ்சி இறங்கவில்லை. உன் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார். உடனே புறப்பட்டு வா.

அண்ணனின் கையெழுத்துதான். சென்னியம்மாள் கார்டை எடுத்துக்கொண்டு மாமியார் காளியாத்தாளிடம் ஓடினாள்.

"அட சாமி! போயிட்டு வா கண்ணு. பெத்தவரைப் பாக்காம இருக்க முடியுமா?" என்ற காளியாத்தாள், சுவரோரம் சுருட்டி வைத்திருந்த கம்பளத்தைப் பார்த்தாள். "அதை மட்டும் தட்டி விரிச்சுப்போட்டுப் போயிரு. வியாழக்கிழமை நம்ம குழந்தையம்மாளைப் பொண்ணு பாக்க மாப்பிள்ளை ஊட்டுப் பொம்பளைங்க வாராங்களே."

குழந்தையம்மாள், பஞ்சு மில் வைத்திருந்த அந்த வீட்டின் கடைசிப் பெண். இரண்டு இடம் வந்து தட்டிப்போய்விட்டது. இரண்டாவதாக வந்தவர்கள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தைத் தடவிப் பார்த்து, "பஞ்சு மில்லுன்னு சொன்னாங்களே!" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ரோஷத்தில்தான் மாமனார் அங்கப்ப கவுண்டர் வால்பாறையில் ஒரு எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது விட்ட ஏலத்தில் இரண்டு கம்பளங்களை எடுத்து வந்தார். சின்னதைச் சலவைக்குப் போட்டார்கள். பவானி ஜமுக்காளத்தை வெளுப்பதுபோல வாய்க்காலில் முக்கிக் கல்லில் அறைந்ததில், சிவப்பும் பச்சையும் கலந்து சாணி நிறத்தில் திரும்பி வந்தது.

பெரியதைத் தொட அதற்கப்புறம் யாரையும் காளியாத்தாள் விடவில்லை. மருமகள் கை ஒன்றைத்தான் நம்பினாள். வித்தையைச் சொல்லிக் கொடுத்தவர் முஸ்தபா. அந்தத் துரையின் பங்களாவில் பட்லராக இருந்தவர், இப்போது வீட்டை ஒட்டிய மில்லில் வாட்ச்மேன். கம்பளத்தோடு வந்த சாமான்கள் இரண்டு. ஒன்று நீளப்பிடி போட்ட பிரம்பு மட்டை. அதன் தலை பூமுடிச்சாகப் பின்னியிருக்கும். மற்றது சக்கரம் வைத்த பெட்டி. தள்ளினால் உள்ளே பிரஷ் உருண்டு குப்பையை வாரிக்கொள்ளும்.

"இந்த மட்டையில துரைசாணி ஆரை அடிச்சா?" என்று முதல் நாள் காளியாத்தாள் கேட்டாள்.

"துரையைத்தானுங்க அடிச்சிருக்கோணும். அதான் சீமைக்கே ஓடிப்போட்டாரு," என்றார் முஸ்தபா. தானே தட்டிக் காட்ட அவரால் முடியவில்லை. பங்களாவில் இருபது வருஷம் தட்டிய தூசி நெஞ்சில் இழுப்பாக உட்கார்ந்திருந்தது.

சென்னியம்மாள் மட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

"நில்லு அம்மணி!" என்று அலறினாள் காளியாத்தாள். "உன்ற மாமனாரும் புருசனும் ராத்திரிதானே பஞ்சு யாவாரத்துக்குப் பம்பாய் மெயிலேறிப் போனாங்க!"

சென்னியம்மாள் மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சக்கரப் பெட்டியை இழுத்து வந்தாள்.

வீட்டை விட்டு ஆள் புறப்பட்டதும் கூட்டக் கூடாது. பிணம் போன வீட்டைத்தான் உடனே கூட்டிக் கழுவுவார்கள். ஊரில் மற்றவர்கள் ஒரு நாழிகை பொறுப்பார்கள். இந்த வீட்டில், போனவர் போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை துடைப்பத்தைத் தொடக் கூடாது, தூசி தட்டவும் கூடாது. பம்பாய் போய்ச் சேர்ந்து தந்தி கொடுக்கப் புதன்கிழமை ஆகும்.

"இது தொடப்பமில்லீங்களே அத்தை. சக்கரப் பெட்டிங்க. கூட்டறதில்லீங்க, சும்மா தள்ளறதுதானுங்க."

"தள்ளுனா குப்பை ஊட்டை உட்டுப் போகுதா இல்லியா?"

"ரோட்டுக்கு அந்தப்பக்கம் நம்ம சோளக் காட்டுக்குத் தூக்கிப் போயித் தட்டறனுங்க."

"எங்க தட்டுனாலும் இந்த ஊட்டுத் தூசிதானே கண்ணு." காளியாத்தாள் வலது கையை நீட்டினாள். "என்ற மூத்த பையன் மெட்ராசுக்குப் போனப்ப, வண்டி முக்குத் திரும்பறதுக்குள்ள நான் வாசலைக் கூட்டிப்போட்டேன். நாலாம் நாள் காலராவுல போயிட்டான். இந்தக் கையிதான் கூட்டுச்சு, பாரு."

நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டு என்ன வாதாடுவது? சென்னியம்மாள் கடைசியாக ஒன்று கேட்டாள். "தட்டாமயே போகட்டுங்களா அத்தை?"

"போ கண்ணு. நான் வேண்டாம்னா சொல்றேன்?"

அதற்குள் கதவோரம் நின்ற குழந்தையம்மாள், "நீங்க போங்க அண்ணி. வாரவங்க தூசியில உக்காந்து தும்மிப்போட்டுப் போகட்டும்," என்று சிரிக்க முயன்று, முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

சென்னியம்மாள் போகவில்லை. செவ்வாய் மத்தியான பஸ் போயிற்று. சாயங்கால பஸ் போயிற்று. புதன் காலை பஸ்ஸின் ஹாரன் அடுப்படி வரைக்கும் கேட்டது. கூட்டாத வீட்டில் பஞ்சுத் துகள் மூலைக்கு மூலை உருண்டது. ஐயனுக்குப் பனையில் அன்றன்று இறக்கும் தெளுவு பிடிக்குமே, இப்போது ஒரு வாயாவது இறங்குமா என்று நினைத்தாள். நினைக்கத்தான் முடிந்தது.

நாலு மணிக்குத் தந்திக்காரர் சைக்கிள் மணி அடித்தார். சுகமாக வந்து சேர்ந்தோம் என்பதைக் குழந்தையம்மாள் படித்து முடிப்பதற்குள் சென்னியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டாள். வேலையாட்கள் கம்பளத்தை இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில் பின்பக்கம் தெரியப் போட்டார்கள். ஆறு மணிக்குக் கடைசி பஸ்.

"மொதல்ல முதுகுல அடிங்க அம்மணி, அப்பறம்தான் மொகத்துல!" என்று முஸ்தபா தூசிக்கு ஒதுங்கி, கேட்டருகிலிருந்து கத்தினார்.

அடித்தாள். வால்பாறை மண் செம்புகையாகக் கிளம்பியது. ஒவ்வொரு அடிக்கும் ஐயன், ஐயன் என்று உள்ளே ஒரு குரல். தோள்பட்டை வலிக்காரியான காளியாத்தாளும் மூங்கில் குச்சியோடு வந்து அந்தப் பக்கம் நின்று அடித்தாள். "சீக்கிரம் கண்ணு, சீக்கிரம்!"

தூசி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அப்போதுதான் கேட்டருகில் முஸ்தபாவுக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்பது சென்னியம்மாளுக்குத் தெரிந்தது. அவளுடைய ஐயனின் தோட்டத்தில் வேலை செய்யும் சென்னிமலை. எழவு சொல்ல வருபவர்களைப் போலத் தலையில் கட்டும் உருமாலை இடுப்பில் சுற்றியிருந்தார். அவர் சொன்னதைக் கேட்டு முஸ்தபா தலையில் கை வைத்துக்கொண்டார். சென்னிமலை மட்டையின் சத்தம் ஓயட்டும் என்று காத்து நின்றார்.

சென்னியம்மாள் ஓய்வதாக இல்லை.

"போதும் கண்ணு! பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு!" என்றது கம்பளத்துக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல்.

"இன்னும் தூசி வருதுங்க அத்தை," என்று சொல்லிவிட்டு அவள் ஓங்கி அடித்தாள். தூசி வரவில்லை. மறுபடியும் அடித்தாள்.